வீட்டின் விலைக்கு முன் அதன் மட்டத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் இருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்து, குறைந்த விலையில் நீர்க்கரை வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொல்லைப்புறத்தில் தண்ணீர், ஜனவரியில் வெயில், மாநில வருமான வரி இல்லாத சம்பளம் என்று அதில் எழுதியிருந்த எல்லாமே உண்மை. நானும் அப்படிக் குடியேறியவள்தான். 2024 ஜூனில் மினசோட்டாவிலிருந்து கேப் கோரலுக்கு வந்தோம். ஆனால் கட்டுரையில் வீடுகளின் விலை இருந்ததே தவிர, அவை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் நிற்கின்றன என்பது இல்லை. காப்பீட்டுச் செலவு ஒரே வரியில் முடிந்துவிட்டது. எங்களை ஏறக்குறைய கவிழ்க்க இருந்தவை அந்த இரண்டும்தான். கடிதம் நீளமாக இருக்கும். பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

இதை ஊரில் வரும் உங்கள் நாளிதழுக்கு எழுதக் காரணம் உண்டு. வீடு வாங்குவது இங்கே இருக்கும் பிள்ளைகள் என்றாலும், முன்பணத்தில் ஒரு பங்கு பல குடும்பங்களில் ஊரிலிருந்துதான் வருகிறது. மனையை விற்கிறார்கள், வைப்புநிதியை உடைக்கிறார்கள். என் மாமனார் சிதம்பரத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று எங்களுக்கு 38,000 டாலர் அனுப்பினார். முப்பது வருடம் அரசாங்கச் சம்பளத்தில் குருவி சேர்ப்பதுபோல் சேர்த்தது. பணம் அனுப்புகிற பெற்றோருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. மாமா கேட்டார். அவர் கேட்டதால்தான் நாங்கள் தப்பித்தோம்.

மினியாபொலிஸ் புறநகரில் பதினொரு வருடம் இருந்தோம். 2019 ஜனவரி 30 அன்று அங்கே தட்பமானி மைனஸ் 28 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. நம் கணக்கில் மைனஸ் 33 செல்சியஸ். பள்ளிகளை மூடிவிட்டார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது, மகன் கைக்குழந்தை. ஜன்னலின் உள்பக்கத்தில் பனி பூத்திருந்ததை மகள் விரலால் சுரண்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குளிரை நான் குறை சொல்ல வரவில்லை. மேப்பிள் குரோவ் கோயிலும் அங்கிருந்த சிநேகிதிகளும் எனக்குத் தாய்வீடு மாதிரி. ஆனால் எனக்கு முட்டிவலி. மாமாவுக்கு இளைப்பு, அத்தை போன பிறகு அவரை வருடத்தில் ஆறு மாதமாவது எங்களோடு வைத்துக்கொள்ள நினைத்தோம். அந்தக் குளிரில் அவரை வீட்டுக்குள் அடைத்து வைப்பது பாவம். இவருக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய அலுவலகம் எழுத்தில் அனுமதி கொடுத்ததும், தெற்கே போகலாம் என்று முடிவெடுத்தோம்.

பத்தாயிரம் ஏரி நாடு என்று பேரெடுத்த மினசோட்டாவில் ஏரிக்கரை வீடு எங்கள் கைக்கு எட்டியதே இல்லை. கேப் கோரலில் கால்வாய்க்கரை வீடு எட்டியது. அதற்கு அந்த ஊரின் பிறப்பே காரணம். 1957-ல் பால்டிமோரிலிருந்து வந்த ரோசன் சகோதரர்கள் இருவர் சதுப்பும் புதருமாகக் கிடந்த முனையை வாங்கி, கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனை போட்டு விற்றார்கள். இன்று ஊருக்குள் 400 மைலுக்கும் மேல் கால்வாய் ஓடுகிறது. எனவே நீர்க்கரை மனை இங்கே அபூர்வப் பொருள் இல்லை; தெருவுக்குத் தெரு இருக்கிறது. கடலுக்குப் போகும் உப்புநீர்க் கால்வாய் ஒரு வகை. கடலோடு தொடர்பில்லாத நன்னீர்க் கால்வாய் இன்னொரு வகை. படகை எடுத்துக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவுக்குப் போக முடியாது என்பதால் நன்னீர்க் கால்வாய் வீடு விலை குறைவு. இந்த வித்தியாசம் விளம்பரத்தில் தெரியாது. இரண்டுக்கும் நீர்க்கரை வீடு என்றே போட்டிருப்பார்கள்.

2024 பிப்ரவரியில் வீடு பார்க்கப் போனோம். அப்போது மாமாவும் எங்களோடு இருந்தார். முதலில் பார்த்தது உப்புநீர்க் கால்வாய் வீடு. 1979-ல் கட்டியது, விலை 3,39,000 டாலர். புது சமையலறை, வெள்ளை அலமாரிகள், புதுத் தரை, பின்னால் படகுத்துறை. வெளியே 75 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், தண்ணீரில் மீன் துள்ளுகிறது. எனக்கு அங்கேயே மனசு போய்விட்டது. பூஜை அலமாரியை எந்த மூலையில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மாமா பொதுப்பணித்துறையில் அணைக்கரை கீழணையில் லஸ்கராக வேலை பார்த்தவர். கொள்ளிடத்தில் எத்தனை அடி தண்ணீர் போகிறது என்று இரவில் டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்து அனுப்புவது அவர் வேலை. 2005 நவம்பரில் கொள்ளிடம் பெருகியபோது எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தை ஆணியால் கீறி வைத்தவர். வெள்ளையடிக்கும்போது அந்தக் கீறலை மட்டும் மறைக்க விடமாட்டார். அவர் சமையலறையைப் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கம் போய்க் கால்வாயின் தடுப்புச்சுவரைப் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றி வந்தார். கார் ஷெட்டுக்குள் போய்ச் சுவரைத் தடவினார்.

"ஏம்மா, இந்தச் சுவத்துல நாலடி வரைக்கும் ஒரு மாதிரி, அதுக்கு மேல ஒரு மாதிரி இருக்கே. பாத்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. கீழே நான்கு அடிக்குப் புதுப் பலகை வைத்துப் பூசி வண்ணம் அடித்திருந்தார்கள், மேலே பழையது. கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டு தெரிந்தது.

"கேட்டுச் சொல்லு. இந்த வூட்டுத் தரை கடல் மட்டத்துலேர்ந்து எத்தனை அடி?"

வீட்டுத் தரகருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர்தான், இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். அதற்கென்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. எலிவேஷன் சர்டிஃபிகேட் என்று பெயர். சர்வேயர் அளந்து எழுதிக் கொடுப்பது. பல வீடுகளுக்கு நகராட்சி ஆவணத்திலேயே இருக்கும், கேட்டால் கிடைக்கும். எங்களுக்கும் கிடைத்தது. வீட்டின் தரை ஆறரை அடியில் இருந்தது. அந்த இடத்துக்கு ஃபெமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் முகமை, தன் வரைபடத்தில் குறித்திருந்த வெள்ள மட்டம் ஒன்பது அடி.

"ஒம்பது அடிக்குத் தண்ணி வரும்னு சர்க்காரே எழுதி வச்சிருக்கு. வூடு ஆறரையில இருக்கு. இதுல என்னம்மா யோசனை?" என்றார் மாமா.

அந்த வரைபடத்தில் ஏஇ, விஇ என்று எழுத்துகள் போட்டிருப்பார்கள். ஏஇ என்றால் எந்த ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. விஇ என்றால் அதோடு மூன்று அடிக்குக் குறையாத அலையும் வந்து மோதும். நூற்றில் ஒன்றுதானே என்று தோன்றும். முப்பது வருடக் கடனுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் 26 சதவீதம். கடன் முடிவதற்குள் நாலில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வரும் கணக்கு. எக்ஸ் என்று போட்டிருந்தால் ஆபத்து குறைவு. அறவே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். 2022 செப்டம்பர் 28 அன்று ஈயன் புயல் அடித்தபோது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் என்றார். ஈயன் மணிக்கு 150 மைல் வேகத்தில் கேயோ கோஸ்டா தீவில் கரையேறியது. ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் கடல் பத்திலிருந்து பதினைந்து அடி வரை எழும்பியது. நாங்கள் பார்த்த வீடு அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் கால்வாய் வழியே வந்துவிட்டது. விற்பவர் இதைச் சொல்லவில்லை. அப்போது அவர் சொல்லவேண்டும் என்று எழுத்துப் படிவமும் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் ஃப்ளோரிடாவில் வீடு விற்பவர், வெள்ளச் சேதத்துக்குக் காப்பீட்டுப் பணம் கோரியதுண்டா, மத்திய அரசின் உதவி வாங்கியதுண்டா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது வாங்குகிறவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படியுங்கள். தாளோடு நின்றுவிடாமல் அக்கம்பக்கத்துக் கதவையும் தட்டுங்கள்.

புதுச் சமையலறைக்கும் உள்பூச்சுக்கும் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று நகராட்சிப் பதிவில் தேடினோம். கூரைக்கு மட்டும் இருந்தது. இங்கே ஐம்பது சதவீத விதி என்று ஒன்று உண்டு. வெள்ளப் பகுதியில் பழைய வீட்டைப் பழுது பார்க்கும் செலவு, மனையை நீக்கிக் கட்டடத்தின் மதிப்பில் பாதியை எட்டினால், முழு வீட்டையும் இன்றைய விதிப்படி உயர்த்த வேண்டும். தரையோடு ஒட்டிய கான்கிரீட் வீட்டை உயர்த்துவது இடித்துக் கட்டுவதற்குச் சமம். அதற்குப் பயந்து சிலர் அனுமதி வாங்காமலே பழுது பார்க்கிறார்கள். பிறகு அந்தச் சுமை வாங்குகிறவர் தலையில். ஊருக்கே கூட வரும்: 2024 வசந்தத்தில், புயலுக்குப் பின் அனுமதியில்லாத வேலைகள் நடந்ததைக் காட்டி, இந்தப் பகுதி மக்களுக்கு வெள்ளக் காப்பீட்டில் கிடைத்த 25 சதவீதத் தள்ளுபடியை எடுத்துவிடப்போவதாக ஃபெமா அறிவித்தது. கேப் கோரல் பின்னர் விளக்கம் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டது. நாங்கள் அந்த வீட்டை யோசித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் ஊர் முழுக்க இதே பேச்சு.

கடைசியாகக் காப்பீட்டு முகவரிடம் கேட்டோம். முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான். அந்த வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு வருடத்துக்கு 5,200 டாலர், புயற்காற்றோடு சேர்த்த வீட்டுக் காப்பீடு 7,400. இரண்டும் சேர்த்து மாதம் 1,050 டாலர், கடன் தவணைக்கு மேலே. தடுப்புச்சுவரில் ஓரிடம் உள்வாங்கியிருந்தது. புதிதாக வைக்க அடிக்கு ஆயிரம் டாலர் ஆகும் என்றார் ஒப்பந்தக்காரர். இங்கே வழக்கமான மனை 80 அடி அகலம். கணக்கு நோட்டில் எழுதிக் கூட்டியபோது என் கை நடுங்கியது. மாமாவின் மனைப் பணம் 38,000 டாலரும் ஒரு சுவருக்குள் போயிருக்கும், போதவும் போதாது.

இந்த இரண்டு காப்பீடும் வேறு வேறு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைத் தொடாது. காற்று கூரையைப் பிய்த்து மழை உள்ளே வந்தால் ஒன்று, கால்வாய் பெருகி வாசல் வழியே வந்தால் மற்றொன்று. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருளுக்கு 1,00,000 டாலர். இன்று எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் செல்லும். வீட்டுக் கடனோடு சேர்த்துப் பத்திரப் பதிவின்போதே எடுத்தால் காத்திருப்பு இல்லை. விற்பவரிடம் ஏற்கெனவே அந்தக் காப்பீடு இருந்தால் அதை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதில் தொகை குறையவும் வாய்ப்புண்டு. தனியார் நிறுவனம் எதுவும் ஏற்காத வீடுகளுக்கு, 2002-ல் மாநிலம் தொடங்கிய சிட்டிசன்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் சேருவோருக்கும் வெள்ளக் காப்பீட்டைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறார்கள். பிறகு புயலுக்கென்று தனியாக ஒரு கழிவு, அதாவது காப்பீட்டுப் பணம் வருமுன் சேதத்தில் நாமே ஏற்கவேண்டிய பங்கு. சாதாரண விபத்துக்கு நாம் முதலில் ஆயிரமோ இரண்டாயிரமோ போட்டால் போதும். புயல் என்றால் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம், சிலருக்கு ஐந்து. எங்கள் வீட்டுக்கு அது 8,200 டாலர். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, அதை மட்டும் தொடுவதில்லை.

கடைசியில் ஏப்ரலில் நாங்கள் கண்டது வடக்கே ஒரு நன்னீர்க் கால்வாய் வீடு. விலை 3,85,000 டாலர், முதல் வீட்டைவிட 46,000 அதிகம். 2006-ல் கட்டியது. 2002-ல் மாநிலம் முழுவதற்கும் புதிய கட்டட விதி வந்த பிறகு கட்டிய வீடுகள் காற்றைத் தாங்குவதில் மேல் என்பதால் காப்பீட்டில் குறைகிறது. ஈயனுக்குப் பிறகு கூரை மாற்றியிருந்தார்கள், அனுமதிச் சீட்டோடு. வரைபடத்தில் எக்ஸ் பகுதி. வெள்ளக் காப்பீடு எடுக்கச் சொல்லி வங்கி கட்டாயப்படுத்தவில்லை, மாமா கட்டாயப்படுத்தினார். வருடத்துக்கு 840 டாலர். வீட்டுக் காப்பீடு 4,300. படகுத்துறை இல்லை, தடுப்புச்சுவர் இல்லை, புல்தரை சரிந்து தண்ணீரில் இறங்குகிறது. குடிநீர், கழிவுநீர்க் குழாய் போட்டதற்காக நகராட்சி அந்த மனைமேல் வைத்திருந்த பாக்கி 11,000 டாலர். அதை விற்பவரே கட்டவேண்டும் என்று பேசி முடித்தோம். இதையும் கேட்டு வையுங்கள். இந்த ஊரில் சில தெருக்களில் அந்தப் பாக்கி இருபதாயிரத்தைத் தாண்டும், கேட்காவிட்டால் வாங்குகிறவரோடு வரும்.

இவ்வளவு விசாரித்தும் ஒன்றில் தவறினேன்: சொத்து வரி. விற்றவர் கட்டிய வரி வருடம் 2,600 டாலர் என்று விளம்பரத்தில் இருந்தது. நானும் அதையே நோட்டில் எழுதினேன். ஃப்ளோரிடாவில் ஒருவர் தான் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, வரிக்கான மதிப்பை ஆண்டுக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏற்றமாட்டார்கள். அவர் பதினைந்து வருடம் இருந்தவர், அதனால் மதிப்பு அடிமட்டத்தில் கிடந்தது. வீடு கை மாறியதும் அடுத்த ஜனவரி 1 அன்று சந்தை விலைக்கு மாற்றிவிடுவார்கள். 2025 நவம்பரில் எங்களுக்கு வந்த ரசீது 6,100 டாலர். வரிப்பணத்தை வங்கிதான் மாதத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கிறது; பழைய கணக்கில் பிடித்து வந்ததால் 3,500 பற்றாக்குறை. புது வரிக்கு உயர்த்தியது ஒரு பக்கம், பற்றாக்குறையைப் பன்னிரண்டு மாதத்தில் பிடிப்பது ஒரு பக்கம்; இந்த ஆண்டு எங்கள் மாதத் தவணை ஏறக்குறைய 580 டாலர் கூடிவிட்டது. தெரிந்திருந்தால் முதல் மாதத்திலிருந்தே எடுத்து வைத்திருப்பேன்.

குடியிருக்கும் வீட்டுக்கான இந்த வரிச்சலுகைக்கு மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். எங்களிடம் பச்சை அட்டை இருந்ததால் சிக்கல் இல்லை. எச்-1பி விசாவில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்: தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் பிறந்த குழந்தை அந்த வீட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தால், குழந்தையின் பேரில் பெற வழி உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2012-ல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வேலை வீட்டிலிருந்துதான் என்றாலும், எச்-1பி விசாவில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் முன் அவருடைய நிறுவனம் குடியேற்றத் துறையில் திருத்த மனு போட்டாக வேண்டும். இதைத் தெரியாமல் சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு தவித்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும்.

வந்த வருடமே புயல் வந்தது. 2024 செப்டம்பர் 26 ஹெலீன், அக்டோபர் 9 மில்டன். மில்டனுக்கு இரண்டு நாள் முன்பு எதிர்வீட்டுக்காரர் வெள்ளக் காப்பீடு எடுக்க ஓடினார். முப்பது நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் 8-ஆம் தேதி காலையிலேயே பாஸ்போர்ட், மாமாவின் மாத்திரை, பத்திரம், குழந்தைகளின் துணி, குலதெய்வப் படம் இவற்றோடு அலிகேட்டர் ஆலி நெடுஞ்சாலை வழியாக மயாமிப் பக்கம் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டோம். புயலுக்கு முன் மக்களைக் காலி செய்யச் சொல்லும் பகுதி வேறு, வெள்ள வரைபடத்தின் பகுதி வேறு. முதலாவதைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். இரண்டையும் காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறேன்.

11-ஆம் தேதி திரும்பினோம். எங்கள் வீட்டில் வேலிப் பலகை நான்கு சாய்ந்திருந்தது, மூன்று நாள் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். மறுவாரம் தெற்கே கடைக்குப் போனபோது அந்த முதல் வீட்டுத் தெரு வழியாக இவர் காரை விட்டார். சாலையோரம் முழுக்க மெத்தையும் சோபாவும் நனைந்த சுவர்ப் பலகையும் குவிந்து கிடந்தன. அந்த வீட்டு வாசலில் நாங்கள் பார்த்த வெள்ளை அலமாரிகள், கதவு ஊதிப்போய்க் கிடந்தன. யாரோ எங்களுக்குப் பிறகு வாங்கியிருக்கிறார்கள். திண்ணைப் படியில் ஒரு சின்னப் பெண் பூனைக்கூண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இவர் காரை நிறுத்தினார்; இறங்கிப் போய் என்ன பேசுவதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர்ப் பெட்டிகளும் சோறும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். அவர்கள் வடக்கே நியூயார்க் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வெள்ளக் காப்பீடு இருந்தது, நல்லவேளை.

தண்ணீரோரம் குழந்தைகளோடு வாழ்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். என் மகன் வந்த முதல் மாதமே நீச்சல் வகுப்பில் சேர்ந்தான். மாமாவே கூட்டிப்போய் உட்கார்ந்திருப்பார். பின்புறம் வேலி போட 4,700 டாலர் ஆனது. கதவு தானாக மூடிக்கொள்ளும், தாழ்ப்பாள் குழந்தைகளின் கைக்கு எட்டாது. நன்னீர்க் கால்வாயில் முதலை வரும். நாங்கள் இரண்டு முறை பார்த்தோம். அதற்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். தீனி கண்ட முதலை மனிதரை நெருங்கும். பொழுது சாயும்போதும் இருட்டிய பிறகும் கரைக்கு யாரும் போவதில்லை. மினசோட்டாவில் ஏரி உறைந்தால் நான்கு அங்குலம் பனி கட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் கால் வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் உதவியது.

இழந்ததும் உண்டு. இங்கே எனக்குக் கிடைத்த கணக்கர் வேலையில் மணிக்கு ஆறு டாலர் குறைவு. வருமான வரியில் மிச்சமான ஒன்பதாயிரம் அதிலேயே கரைந்து, மேலும் மூவாயிரம் துண்டு விழுகிறது. டாம்பா கோயிலுக்குப் போக இரண்டரை மணி நேரம். தமிழ் வகுப்பு திரையில் நடக்கிறது, மகளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வளைகுடாவில் ரெட் டைட் என்னும் நச்சுச் செம்பாசி பெருகும் நாட்களில் கடற்கரைக் காற்றே தொண்டையை அறுக்கும். இளைப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. மாமாவை அப்போது கூட்டிப்போவதில்லை.

ஆனாலும் நாங்கள் வந்தது சரிதான் என்று முழு மனதோடு சொல்கிறேன். மினசோட்டாவில் பத்து வருடம் வரவேற்பறைத் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும்; அதனால் செடியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. இங்கே புதிதாக வைத்தது இரண்டே வருடத்தில் என் உயரம். முருங்கை காய்க்கிறது. வாழை குலை தள்ளிவிட்டது. இந்த முறை மாமா வந்தபோது ஒரு நாள் காலை நடைக்குப் போனவர், நன்னீரைத் தேக்கி உப்புநீர் ஏறாமல் தடுக்கும் தடுப்பணை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு வந்து, "நம்மூர்க் கலிங்கேதாம்மா!" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கால்வாய்த் தண்ணீரையும் ஊர்ப் புல்தரைகளுக்கு இறைக்கிறார்கள்; மழையில்லாத ஏப்ரல், மே மாதங்களில் மட்டம் இறங்கும். அவர் எங்கள் கரையில் ஒரு குச்சியை நட்டு, அடி அங்குலம் குறித்து, தினமும் காலையில் பார்த்து என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, ஒவ்வொரு வீட்டின் விலைக்குப் பக்கத்திலும் இன்னும் நான்கு எண்களைப் போடச் சொல்லுங்கள்: தரை எத்தனை அடி, வெள்ள மட்டம் எத்தனை அடி, இரண்டு காப்பீடும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு, வாங்குகிறவருக்கு வரப்போகும் வரி எவ்வளவு. மனையை விற்றுப் பணம் அனுப்பப்போகிற தகப்பன் ஒருவர் அதைப் படித்துவிட்டு மகனுக்கோ மகளுக்கோ ஒரு போன் போட்டுக் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கேப் கோரல், ஃப்ளோரிடா